குமிழி நிஜம்தான், மைலேஜ் எங்கே?

புராஜெக்ட் தலைப்பு கொடுக்கிற மாசம் வந்தாலே ஒவ்வொரு பேட்ச்லயும் ஏதாவது ஒரு டீம் இந்த ஐடியாவோட வந்து நிற்கும். ஒரு பாட்டில், உள்ளே நாலஞ்சு ஸ்டீல் பிளேட், தண்ணீர், கார் பேட்டரியில் இருந்து இரண்டு ஒயர். சுவிட்சைப் போட்டதும் குமிழி குமிழியா கேஸ் வரும். அந்த கேஸை ஒரு ட்யூப் வழியா ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் விட்டுவிட்டால் மைலேஜ் 30 சதவீதம் ஏறுமாம். பெயர் எச்எச்ஓ கிட். யூடியூபில் தேடினால் தமிழிலேயே வரிசையா வீடியோ கொட்டும்.

இதைச் செய்யாதீங்கன்னு சொல்ல வரவில்லை. செய்யுங்க, ஆனா காரில் மாட்டாதீங்க. லேப் டேபிள் மேல வச்சு அளந்து பாருங்க. ஏன் அப்படி என்பதற்கு ஒரு பேப்பரும் கால்குலேட்டரும் போதும். பிளஸ் டூ கெமிஸ்ட்ரிக்கு மேல எதுவும் தேவைப்படாது.

முதல்ல பாட்டிலுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். தண்ணீரில் கரண்ட் விட்டால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். 1800-லேயே லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் செய்து காட்டிய விஷயம் இது. நெகட்டிவ் பிளேட்டில் ஹைட்ரஜன், பாசிட்டிவ் பிளேட்டில் ஆக்சிஜன், இரண்டுக்கு ஒன்று என்ற அளவில். கிட்டுகளில் இரண்டையும் தனித்தனியா எடுக்க மாட்டார்கள். ஒரே மூடிக்குக் கீழே கலந்து வரும். அந்தக் கலவைக்குத்தான் எச்எச்ஓ, பிரௌன்ஸ் கேஸ் என்று விதவிதமான பெயர். புது வாயு எதுவும் இல்லை. நம்ம பாடப்புத்தகத்தில் இருக்கிற அதே இரண்டு வாயுக்கள்தான்.

எவ்வளவு கேஸ் வரும் என்பதை ஃபாரடே 1830-களிலேயே சொல்லிவிட்டார். எவ்வளவு எலக்ட்ரான் போகுதோ அவ்வளவுதான் கேஸ். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான். ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,485 கூலும். இதை வைத்துக் கணக்குப் போட்டால், 1 ஆம்பியர் கரண்ட் ஒரு செல் வழியாக ஒரு நிமிடம் போனால், நம்ம ஊர் 30 டிகிரி வெயிலில், ஹைட்ரஜன் சுமார் 7.7 மில்லி, ஆக்சிஜன் அதில் பாதி, மொத்தம் 11.6 மில்லி. பிளேட்டைக் கீறி விட்டாலும், முறுக்கி வைத்தாலும், ரகசிய ஃப்ரீக்வென்சியில் பல்ஸ் கொடுத்தாலும் இந்த எண் ஏறாது. எலக்ட்ரானை எண்ணித்தான் கேஸ் வரும். வீடியோவில் யாராவது இதைவிட அதிகமாகக் காட்டினால், மீட்டர் சரியில்லை, இல்லையென்றால் வருவதில் பாதி நீராவி.

இப்போ ஒரு நல்ல கிட்டையே எடுத்துக்கொள்வோம். ஏழு பிளேட், நடுவில் ஆறு இடைவெளி, அதாவது ஆறு செல் சீரீஸில். கார் ஓடும்போது ஆல்டர்னேட்டர் கொடுப்பது சுமார் 13.8 வோல்ட். ஆறால் வகுத்தால் ஒரு செல்லுக்கு 2.3 வோல்ட். தண்ணீரைப் பிரிக்கத் தியரிப்படி 1.23 வோல்ட் போதும். நிஜத்தில் 2 வோல்ட்டைத் தாண்டினால்தான் ஒழுங்காகக் குமிழி வரும். அதனால் இந்த ஆறு செல் டிசைன் உண்மையிலேயே புத்திசாலித்தனமானது. ஜாம் பாட்டிலில் இரண்டே பிளேட் வைத்து நேரா 12 வோல்ட் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் வெந்நீர்தான் போடுகிறார்கள்.

15 ஆம்பியர் ஓடுகிறது என்று வைப்போம். ஆறு செல் பெருக்கல் 15 பெருக்கல் 11.6. நிமிடத்துக்கு 1 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். கிட் அட்டையில் பெருமையாகப் போட்டிருக்கும் அந்த 'ஒரு எல்பிஎம்' இதுதான். அது பொய் இல்லை. செலவாகிற மின்சாரம் 13.8 பெருக்கல் 15, அதாவது 207 வாட். கிடைக்கிற ஹைட்ரஜன் நிமிடத்துக்கு 0.028 மோல். ஒரு மோல் எரிந்தால் 242 கிலோஜூல். நொடிக்கணக்குக்கு மாற்றினால் 113 வாட்.

ஆக 207 வாட் உள்ளே, 113 வாட் வெளியே. இதுவே நல்ல செல். மீதி சூடாகப் போய்விட்டது. தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

அடுத்து என்ஜின் பக்கம் வருவோம். லாஸ்பேட்டையில் இருந்து ஈசிஆர் வழியா சென்னைக்கு 150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 சிசி பெட்ரோல் கார், 60 கிலோமீட்டர் வேகம், லிட்டருக்கு 20 மைலேஜ். மணிக்கு 3 லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 32 மெகாஜூல் இருக்கு. அப்படியானால் என்ஜின் குடிக்கிற எரிபொருளின் சக்தி சுமார் 26,700 வாட். அதற்குப் பக்கத்தில் நம்ம பாட்டிலின் 113 வாட்டை வைத்துப் பாருங்க. அரை சதவீதம்கூட இல்லை. ஆனா 30 சதவீதம் மைலேஜ் ஏறுமாம்.

சரி, அரை சதவீதமாவது லாபம்தானே என்று கேட்கலாம். அந்த 207 வாட் எங்கிருந்து வந்தது? கார் ஆல்டர்னேட்டர் எஃபிஷியன்சி 55, 60 சதவீதம். 207 வாட் மின்சாரம் வேண்டும் என்றால் பெல்ட் வழியாக என்ஜின் சுமார் 360 வாட் கொடுக்க வேண்டும். என்ஜினின் எஃபிஷியன்சி 25 சதவீதம் என்றால், அந்த 360-க்காக எரிகிற பெட்ரோல் 1,450 வாட்டுக்குச் சமம். 1,450 கொடுத்து 113 வாங்குகிறோம்.

சென்னை போய்ச் சேர இரண்டரை மணி நேரம். அதற்குள் பாட்டிலுக்காக மட்டும் எரிந்த பெட்ரோல் சுமார் 400 மில்லி. பாட்டில் திருப்பிக் கொடுத்த ஹைட்ரஜன், 32 மில்லி பெட்ரோலுக்குச் சமம். என்ஜின் எஃபிஷியன்சியை நீங்க பெருந்தன்மையா 40 என்று போட்டாலும் 250 மில்லி போய் 32 வரும். எந்தப் பக்கம் இருந்து கணக்குப் போட்டாலும் அது லாபமாக மாறாது.

இந்த இடத்தில் கண்டிப்பா ஒருத்தர் கையைத் தூக்குவார். "ஆல்டர்னேட்டர் எப்படியும் சுத்திக்கிட்டுதானே இருக்கு ப்ரோ? அதுல இருந்து கொஞ்சம் கரண்ட் எடுத்தா என்ன?" ரொம்ப நியாயமா தெரிகிற கேள்வி. பதில் உங்க தாத்தாவோட சைக்கிளில் இருக்கு. அந்தக் காலத்து சைக்கிளில் டயரை உரசுற மாதிரி ஒரு டைனமோ இருக்கும். அதைச் சாய்த்து டயரில் படவிட்டு விளக்கை எரிய வைத்தால், பெடல் உடனே கனமாகும். பல்ப் ஒயரைக் கழற்றிவிட்டால், டைனமோ சுற்றிக்கொண்டே இருந்தாலும் அந்தக் கனம் கொஞ்சம் குறையும். லென்ஸ் விதி என்று செகண்ட் இயரில் படித்தது இதைத்தான். கரண்ட் எடுக்க எடுக்க ரோட்டர் எதிர்த்துத் தள்ளும். சைக்கிளில் அது உங்க தொடைக்குத் தெரியும். காரில் 360 வாட் உங்களுக்குத் தெரியாது, பெட்ரோல் டேங்குக்குத் தெரியும்.

கிட் விற்கிறவர்கள் சொல்லும் இன்னொரு வாசகம்: "ஒரு லிட்டர் தண்ணியில ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும்." இதையும் சரிபார்த்தேன், நிஜம்தான்! நிமிடத்துக்கு 0.028 மோல் என்றால் அரை கிராம் தண்ணீர். மணிக்கு 30 கிராம். சென்னை போய்ச் சேருவதற்குள் 75 மில்லி, ஒரு டீ கிளாஸ்கூட நிறையாது. ஒரு லிட்டர் 2,000 கிலோமீட்டர் வரும். ஆனா இதைப் பெருமையாகச் சொல்வதுதான் வேடிக்கை. தண்ணீர் அவ்வளவு மெதுவாகக் குறைகிறது என்றால், என்ஜினுக்கு எதுவுமே போகவில்லை என்று அர்த்தம். இந்தக் காரை முழுக்க ஹைட்ரஜனில் ஓட்ட வேண்டும் என்றால் மணிக்கு 0.8 கிலோ ஹைட்ரஜன், அதாவது 7 லிட்டருக்கு மேல் தண்ணீர் காலியாகணும். அதற்கு நம்ம கிட்டில் ஓட வேண்டிய கரண்ட் 3,500 ஆம்பியர். காரை ஸ்டார்ட் பண்ணும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் ஓரிரு நொடி இழுப்பதே நூறு, நூற்றைம்பது ஆம்பியர்தான்.

ஹைட்ரஜன் என்ற பெயரை வைத்தது லவாய்சியே குழுவினர். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு கொஞ்சம் படித்தவர்கள் 'இட்ரோஜென்' என்று உச்சரிப்பார்கள். கிரேக்க மூலத்தில் அதன் பொருள் 'நீரை உண்டாக்குவது'. மொத்த விஷயமும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கு. ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர் வரும். அப்படியென்றால் தண்ணீர் என்பது ஏற்கனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜனின் சாம்பல். சாம்பலைத் திரும்ப விறகாக்கலாம், தப்பில்லை. ஆனா விறகு எரிந்தபோது வந்த சூடு முழுவதையும் திருப்பிக் கட்டணும், கூடவே வழியில் சிந்தியதையும் சேர்த்து. தண்ணீரில் ஓடும் கார் என்று யார் சொன்னாலும் சாம்பலில் எரியும் அடுப்பு என்று மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிச் சொன்னவர்கள் நிறைய. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ஸ்டான்லி மேயர், தன் தண்ணீர் செல் சாதாரண எலக்ட்ரோலைசிஸைவிட எத்தனையோ மடங்கு கேஸ் தரும் என்றார். பணம் போட்ட இரண்டு பேர் வழக்குப் போட்டார்கள். 1996-ல் நிபுணர்கள் செல்லைப் பார்த்துவிட்டு, இதில் புதுசா ஒன்றும் இல்லை, சாதாரண எலக்ட்ரோலைசிஸ் என்றார்கள். நீதிமன்றம் அப்பட்டமான மோசடி என்று தீர்ப்புச் சொல்லி 25,000 டாலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. 1998-ல் அவர் இறந்ததும், பெட்ரோல் கம்பெனிக்காரன் கொன்னுட்டான் என்ற கதை கிளம்பி இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தீர்ப்பு மட்டும் ஃபார்வர்டு ஆகாது. 2012-ல் பாகிஸ்தானில் ஆகா வக்கார் என்ற பொறியாளர் டிவி கேமரா முன்னால் தண்ணீர் கிட் காரை ஓட்டிக் காட்டினார். அமைச்சர்களே கைதட்டினார்கள். தெர்மோடைனமிக்ஸ் இதை அனுமதிக்காது என்று இயற்பியலாளர் பர்வேஸ் ஹூட்பாய் வெளிப்படையாக மறுத்தார். நம்ம பக்கத்திலும் 2019 மே மாதம், காய்ச்சி வடித்த தண்ணீரில் ஓடும், ஆக்சிஜனை வெளிவிடும் என்ஜினைக் கண்டுபிடித்ததாகக் கோயம்புத்தூர் பொறியாளர் ஒருவர் சொன்னது நாடு முழுக்கச் செய்தியானது. வெளியிட்ட ஊடகங்களில் பல, ஹைட்ரஜன் எரிந்தால் ஆக்சிஜன் செலவாகத்தானே செய்யும், எப்படி வெளியே வரும் என்ற ஒரே ஒரு கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. அப்பா அம்மாவிடம் 1996-ன் மூலிகைப் பெட்ரோல் பற்றிக் கேட்டுப் பாருங்க, அது தனிக் கட்டுரைக்கான கதை.

சும்மா ஒரு உபதகவல். லாஸ்பேட்டை என்ற பெயர், பிரெஞ்சுக் காலத்தில் பாண்டிச்சேரி கவர்னராக இருந்த ழான் லா தெ லொரிஸ்தோன் பெயரில் இருந்து வந்தது என்பார்கள். லா-வின் பேட்டை. அவருடைய பெரியப்பா ஜான் லா, 1720-ல் வெடித்த மிசிசிப்பி கம்பெனி ஷேர் குமிழிக்குப் பின்னால் இருந்தவர். பிரான்ஸையே ஆட்டிப்பார்த்த குமிழி அது. குமிழியை நம்பி ஏமாறாதே என்று சொல்ல நம்ம ஏரியாவுக்கு ஒரு தனி உரிமை இருக்கு.

"அப்போ மைலேஜ் கூடினதா சொல்றவங்க எல்லாம் பொய்யா?"

பெரும்பாலானவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

கிட் மாட்டும்போது மெக்கானிக் வெறுமனே கிட்டை மட்டும் மாட்ட மாட்டார். ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் பண்ணுவார், பிளக்கைத் தேய்ப்பார், டயர் காற்றைப் பார்ப்பார். அதற்கே வண்டி லேசாகும். அடுத்து, காசு செலவு பண்ணிய மனுஷன் அன்று முதல் ஆக்சிலரேட்டரை முட்டை மேல கால் வைக்கிற மாதிரி மிதிப்பார். அதற்கு மேல், அளக்கிற முறை. 5 லிட்டர் போட்டு, எவ்வளவு தூரம் ஓடியது என்று பார்த்து, மறுபடி டேங்கை நிரப்புவோம். பங்க்கில் நாசில் ஆட்டோ கட் ஆகிற இடம் ஒவ்வொரு தடவையும் மாறும். வண்டி கொஞ்சம் சாய்ந்து நின்றாலே கால் லிட்டர் வித்தியாசம் வரலாம். 5 லிட்டரில் கால் லிட்டர் என்றால் 5 சதவீதம். கூடவே, ஞாயிற்றுக்கிழமை காலியான ஈசிஆரையும் திங்கட்கிழமை ராஜீவ் காந்தி சிலை சிக்னலையும் ஒப்பிட்டால் 20 சதவீதம் தாராளமாக வரும். இத்தனைக்கும் நடுவில் அரை சதவீத ஹைட்ரஜனைத் தேடுவது, மீன் மார்க்கெட்டில் கொசு ரீங்காரத்தைக் கேட்கிற வேலை.

கொஞ்சம் படித்தவர்கள் வேறு ஒரு வாதம் வைப்பார்கள். "ஹைட்ரஜனை எரிபொருளா பார்க்காதீங்க, அது கேட்டலிஸ்ட் மாதிரி. பெட்ரோலை முழுசா எரிய வைக்கும்." இதற்குள் ஒரு துளி உண்மை இருக்கு, அதனால் பொறுமையா பார்க்கணும். ஹைட்ரஜன் சுடர் பெட்ரோல் சுடரைவிடப் பல மடங்கு வேகமானது. போதுமான ஹைட்ரஜன் கலந்தால், காற்று அதிகமான லீன் மிக்ஸ்சரிலும் என்ஜின் தடுமாறாமல் ஓடும். 1970-களில் நாசாவே இதை என்ஜினில் போட்டுச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. ஆனா 'போதுமான' என்ற சொல்தான் முக்கியம். நம்ம உதாரணக் கார் நிமிடத்துக்கு உறிஞ்சுகிற காற்று சுமார் 450 லிட்டர். அதில் நம்ம பாட்டில் சேர்க்கிற ஹைட்ரஜன் 0.7 லிட்டர். சதவீதத்தில் 0.15. ஹைட்ரஜன் காற்றில் தீப்பிடிக்கவே குறைந்தது 4 சதவீதம் வேண்டும். சாம்பார் அண்டாவில் ஒரு சிட்டிகை பெருங்காயம் மணக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனா இது சிட்டிகைகூட இல்லை, டப்பாவைத் திறந்து மூடின அளவு.

இன்னொன்று, 'முழுசா எரிய வைக்கும்' என்பதற்கே இடம் ரொம்பக் குறைவு. நல்ல நிலைமையில் இருக்கிற இன்றைய பெட்ரோல் என்ஜினில் எரியாமல் போகிற எரிபொருள் ஓரிரண்டு சதவீதம்தான். மீதி நஷ்டம் எல்லாம் ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் சூடாகப் போகிறது. அதை எந்த கேஸாலும் பிடித்து வைக்க முடியாது.

உண்மையான தீங்கு அடுத்த படியில் இருக்கு. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் சைலன்சர் பக்கத்து ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்துத்தான் ஈசியூ பெட்ரோல் அளவை முடிவு பண்ணும். கிட் மாட்டியும் மைலேஜ் ஏறவில்லை என்றதும் சிலர் ஒரு குட்டி சர்க்யூட்டையும் சேர்த்து விற்பார்கள். அது சென்சார் சிக்னலை மாற்றி, பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று ஈசியூவை நம்ப வைக்கும். ஈசியூ பெட்ரோலைக் குறைக்கும். மைலேஜ் கொஞ்சம் ஏறவும் செய்யும்! ஆனா ஏற்றியது ஹைட்ரஜன் இல்லை, லீன் மிக்ஸ்சர். பாட்டிலைக் கழற்றிவிட்டு சர்க்யூட்டை மட்டும் வைத்தாலும் அதேதான் நடக்கும். அதற்கு விலை, புகையில் நைட்ரஜன் ஆக்சைடு கூடுவது. கேட்டலிடிக் கன்வர்ட்டர் அதைக் குறைக்க முடியாமல் போவது. லோடில் மிஸ்ஃபயர், சூட்டில் வால்வு கெடுவது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. நாளைக்கு வண்டி எரிந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது பானட்டுக்குள்ள இருக்கிற அந்தப் பாட்டிலைத்தான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், கிட்டை வாங்குகிறவர் பெரும்பாலும் பணக்காரர் இல்லை. தினமும் சென்னைக்கு வாடகை ஓட்டுகிற டிரைவர் ஒருவர் மாட்டினார் என்று வையுங்கள். ஒரு வழிக்குச் சுமார் 380 மில்லி பெட்ரோல் கூடுதலாகப் போகும். லிட்டர் 100 ரூபாய் என்றால் போக வர 76 ரூபாய். மாசம் 25 டிரிப் என்றால் 1,900. கிட் விலை தனி. அவர் உங்க அப்பாவாகவோ மாமாவாகவோ இருக்கலாம், "நீ இன்ஜினியரிங் படிக்கிறியேப்பா, இது வேலை செய்யுமா?" என்று உங்களிடம்தான் வந்து கேட்பார். மேலே இருக்கிற கணக்கை ஒரு பேப்பரில் அவருக்குப் போட்டுக் காட்ட அஞ்சு நிமிஷம் போதும்.

டேபிள் மேல செய்து பார்க்க

இப்போ நல்ல பகுதி. இந்த செல்லைச் செய்து அளப்பது உண்மையிலேயே ஜாலியான வேலை.

கேஸை ஒன்றாகக் கலக்க விடாதீங்க. இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் கலந்த ஹைட்ரஜன், ஆக்சிஜன் கலவை வெடிக்கத் தயாராக நிற்கிற கலவை. பற்ற வைக்க 0.02 மில்லிஜூல்கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. சட்டையைக் கழற்றும்போது வருகிற ஸ்டாட்டிக் பொறியே அதைவிடப் பல மடங்கு. ஜாம் பாட்டில் வெடித்தால் கண்ணாடித் துண்டு எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்கூலில் பார்த்திருப்பீங்களே, இரண்டு குழாய் வைத்த ஹாஃப்மன் வோல்ட்டாமீட்டர், அது போதும். அது இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, இரண்டு எலக்ட்ரோடு மேலும் தனித்தனியா 100 மில்லி அளவு சிலிண்டரைத் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து வையுங்க. லேப் பவர் சப்ளையில் கரண்ட் லிமிட்டை 1 ஆம்பியரில் நிறுத்துங்க. ஜன்னல் திறந்திருக்கட்டும், கண்ணாடி போடுங்க, லேப் சார் பக்கத்தில் இருக்கட்டும். சேர்ந்த கேஸைச் சேமித்து வைக்காதீங்க, அளந்ததும் ஜன்னல் பக்கம் விட்டுடுங்க.

தண்ணீரில் என்ன கலப்பது? சமையல் உப்பு மட்டும் வேண்டாம், குளோரின் வரும். போர் தண்ணியும் வேண்டாம், அதிலும் குளோரைடு உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாசிட்டிவ் பிளேட்டைக் குளோரைடு அரிக்கும். தண்ணீர் பழுப்பாக மாறினால் அதில் குரோமியம் கரைந்திருக்கு என்று எடுத்துக்கொள்ளலாம், அதில் விஷமான வகையும் இருக்கலாம். காரில் கிட் வைத்திருக்கிற பலர் அந்தப் பழுப்புத் தண்ணீரைச் சாக்கடையில்தான் கொட்டுகிறார்கள். டிஸ்டில்ட் வாட்டர் எடுத்து, சலவைச் சோடா கொஞ்சம் போட்டாலே போதும். கெமிஸ்ட்ரி லேபில் அனுமதி கிடைத்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அதைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். அதன் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கையுறை கட்டாயம்.

10 நிமிடம் 1 ஆம்பியர் ஓடவிட்டால் ஹைட்ரஜன் பக்கம் 77 மில்லிக்குப் பக்கத்தில் வரணும். ஆக்சிஜன் 38-க்குக் கொஞ்சம் குறைவாக வரும், அதில் சிறிதளவு கரைசலிலேயே தங்கிவிடும். ஃபாரடே 190 வருஷத்துக்கு முன்னால் எழுதியது உங்க டேபிளில் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் வந்து நிற்பதைப் பார்க்கும்போது ஒரு சின்ன சந்தோஷம் வரும் பாருங்க, அது எந்த கிட்டிலும் கிடைக்காது.

பிறகு வோல்ட்டேஜை அளங்க. செல்லுக்கு எத்தனை வோல்ட் விழுகிறதோ, 1.48-ஐ அதால் வகுத்தால் செல்லின் எஃபிஷியன்சி. 2.3 வோல்ட் என்றால் 64 சதவீதம். நான் முன்னால் 113-ஐ 207-ஆல் வகுத்தபோது 55 வந்தது. வித்தியாசம் ஏன் தெரியுமா? என்ஜினில் எரியும் ஹைட்ரஜன் நீராவியாகச் சைலன்சர் வழியே வெளியே போகிறது, அந்தச் சூட்டை நம்மால் எடுக்க முடியாது. அதனால் அங்கே குறைந்த கலோரிஃபிக் மதிப்பு, இங்கே அதிக மதிப்பு. வைவாவில் இதைக் கேட்டால் திணறாமல் சொல்லிடுங்க.

இதில் இருந்து புராஜெக்ட்டாக விரிக்க எத்தனையோ வழி இருக்கு. பிளேட் இடைவெளியை 10 மில்லிமீட்டரில் இருந்து 2 வரை குறைத்தால் வோல்ட்டேஜ் எவ்வளவு குறைகிறது? கரைசலைச் சூடாக்கினால்? ஸ்டீல் பிளேட்டில் நிக்கல் முலாம் பூசினால்? ஒரு கிராஃப் போட்டாலே உலகத்தில் பெரிய எலக்ட்ரோலைசர் கம்பெனிகள் மண்டையை உடைத்துக்கொள்வதும் இதே கேள்விக்குத்தான் என்று தெரியும். மத்திய அரசு 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்தை அறிவித்ததே, அதில் பெரும் பங்கு எலக்ட்ரோலைசர் தயாரிப்புக்கும் பசுமை ஹைட்ரஜன் உற்பத்திக்குமான ஊக்கத்தொகைக்குத்தான்.

ஹைட்ரஜனே பொய் என்று யாராவது இதைப் படித்து முடிவு பண்ணிவிடக் கூடாது. 1807-லேயே ஐசக் தெ ரிவாஸ் ஹைட்ரஜனில் வெடித்து ஓடும் என்ஜினை வடிவமைத்துவிட்டார். 2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் இருந்து தொடங்கி வைக்கப்பட்ட ஹைட்ரஜன் ஃப்யூல் செல் படகு, கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டியது. 2025 ஜூலையில் நம்ம சென்னை ஐசிஎஃப்பில் ஹைட்ரஜன் ரயிலின் பவர் காரைச் சோதித்தார்கள். டொயோட்டா மிராய் காரில் 5.6 கிலோ ஹைட்ரஜனை 700 பார் அழுத்தத்தில் அடைத்து வைக்கிறார்கள். இந்த எல்லாவற்றிலும் கேஸை வெளியே எங்கோ வேறு மின்சாரத்தில் தயாரித்து, டாங்கில் நிரப்பி, பிறகு ஓட்டுகிறார்கள். ஓடுகிற வண்டியே தனக்கான ஹைட்ரஜனைத் தன் பெல்ட்டில் இருந்து தயாரிக்கிற ஒன்று இந்தப் பட்டியலில் இல்லை.

அதையும் மீறி உங்க டீம் காரில் மாட்டியே தீருவோம் என்று தலைப்பு பதிவு பண்ணிவிட்டதா? அப்படியானால் ரிப்போர்ட்டில் ஒன்று செய்யுங்க. கிட் ஆன், கிட் ஆஃப் இரண்டும் ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் மாற்றி மாற்றி, ஒரே ரோடு, ஒரே நேரம், குறைந்தது பத்துப் பத்து ஓட்டம். பெட்ரோலை டேங்கில் அளக்காதீங்க. தனி அளவு டப்பாவும் வேண்டாம், தீ அபாயம். ஓபிடி ஸ்கேனரில் இன்ஜெக்டர் டைமிங்கைப் பதிவு பண்ணுங்க. சென்சார் சர்க்யூட் எதுவும் சேர்க்காதீங்க. ஆல்டர்னேட்டர் கரண்ட்டை கிளாம்ப் மீட்டரில் பாருங்க. வருகிற எண்ணை அப்படியே போடுங்க. மைலேஜ் குறைந்தது என்று எழுதிய ரிப்போர்ட்டுக்கு மார்க் குறையும் என்று சீனியர்கள் பயமுறுத்துவார்கள், அதற்காக 30 சதவீத கிராஃப் வரைந்துகொண்டு போனால், எக்ஸ்டர்னல் கேட்கப் போகும் முதல் கேள்வி, "அந்த 207 வாட் எங்கிருந்து வந்தது தம்பி?"